டி-ஷர்ட்டில் டிசைன் ஒட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் சின்ன கடை வைத்திருக்கிறேன். சூடான தட்டால் அழுத்தி டிசைன் ஒட்டுகிற ஹீட் பிரஸ் மூன்று, வினைல் வெட்டும் மெஷின் ஒன்று, மழைக்காலத்தில் இழுத்துப் பிடித்துத்தான் சாத்தவேண்டிய ஷட்டர் ஒன்று. ஒட்டிக்கொடுக்கச் சொல்லி வருகிறவர்களைவிட, சொந்தமாக மெஷின் வாங்கி வீட்டில் தொடங்கிவிட்டு "உரிஞ்சு வருதே" என்று போன் செய்கிறவர்கள்தான் இப்போது அதிகம். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதிவைத்தது இது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். டிகிரி என்று வருவதெல்லாம் செல்சியஸ்.

இந்த ஸ்டிக்கர் பிரிண்டும் ஸ்கிரீன் பிரிண்டும் ஒண்ணா அண்ணா?

இல்லை. ஸ்கிரீன் பிரிண்டில் மையைச் சட்டம் கட்டிய வலை வழியாக நேராகத் துணிமேல் இழுக்கிறார்கள். ஒவ்வொரு கலருக்கும் தனி ஸ்கிரீன் வேண்டும், அதனால் 5 பீஸுக்குக் கட்டாது, 500 பீஸுக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை. நாம் பேசுகிற வேலையில் டிசைன் முதலில் ஒரு ஃபிலிமிலோ பேப்பரிலோ தயாராகிறது, அப்புறம் சூடும் அழுத்தமும் கொடுத்துத் துணிக்கு மாற்றுகிறோம். ஒரே ஒரு பீஸ் வேண்டுமென்றாலும் செய்யலாம், ஆளுக்கொரு பேர் வேண்டுமென்றாலும் செய்யலாம்.

டிடிஎஃப், வினைல், சப்ளிமேஷன்... எதுதான் நல்லது?

துணி என்ன என்று தெரியாமல் இதற்குப் பதில் கிடையாது. வினைல் என்பது ஒரே கலரில் வரும் மெல்லிய பிளாஸ்டிக் ஷீட். கட்டரில் வெட்டி, வேண்டாததை ஊசியால் பிடுங்கிவிட்டு ஒட்டுவது. பேர், நம்பர், எளிய லோகோவுக்கு அதுதான் சுத்தமாக வரும். டிடிஎஃப் என்பது ஃபிலிமில் கலர் மை, அதன்மேல் வெள்ளை மை, ஈரம் காயும்முன் பசைப்பவுடர் தூவி உருக்கி வருவது. போட்டோ, நூறு கலர், கறுப்புத் துணி என்று எதற்கும் ஒத்துக்கொள்ளும். சின்ன ஆர்டர் முக்கால்வாசி இன்று இதற்கு மாறிவிட்டது.

சப்ளிமேஷன் ஒட்டுவதே இல்லை. அந்தச் சாயம் சூட்டில் ஆவியாகிப் பாலியஸ்டர் இழைக்குள்ளேயே போய்விடும். விரலால் தடவினால் பிரிண்ட் இருக்கிற இடமே தெரியாது, துணி கிழியும்வரை உரியாது. ஆனால் பாலியஸ்டரில் மட்டும், அதுவும் வெள்ளை அல்லது வெளிர் நிறத்தில் மட்டும்.

கடைக்காரர் எல்லாத்தையும் காட்டன்னுதான் சொல்றாரு. நாம எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மடிப்புத் தையலுக்கு உள்ளேயிருந்து துணியின் நூல் இரண்டு இழை உருவுங்கள், தையல் நூலை அல்ல, அது பெரும்பாலும் பாலியஸ்டர்தான். இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி வையுங்கள். காட்டன் காகிதம் மாதிரி எரிந்து, காகிதம் எரிந்த வாசனை வந்து, ஊதினால் பறக்கிற சாம்பலாகும். பாலியஸ்டர் சுருண்டு உருகி, கரும்புகை விட்டு, ஆறியதும் நுனியில் கெட்டியான மணியாக நிற்கும். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் நடந்தால் கலப்புத் துணி. இங்கே காதர்பேட்டை மொத்தச் சந்தையில் மலிவாக மூட்டையாக அள்ளி வருகிற சரக்குக்கு இந்தச் சோதனை கட்டாயம், ஒரே மூட்டையில் இரண்டு ரகம் வருவதும் உண்டு.

வீட்டு அயர்ன் பாக்ஸ் போதாதா? மெஷின் வாங்கணுமா?

குழந்தை சட்டையில் ஒரு பேர் ஒட்ட போதும். அயர்ன் பாக்ஸில் ஒரு புள்ளி என்றால் சுமார் 110, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200 டிகிரி. ஆவியை நிறுத்திவிடுங்கள், தண்ணீரையும் கொட்டிவிடுங்கள். தேய்க்கிற மெத்தைமேல் வைத்துச் செய்யாதீர்கள், அழுத்தம் மெத்தைக்குள் போய்விடும். பழைய மரப்பலகைமேல் ஒரு பெட்ஷீட் மடிப்பு போதும். தேய்க்கக் கூடாது. வைத்து, உடம்பின் எடையைக் கொடுத்து, எண்ணி, தூக்கி, பக்கத்து இடத்துக்கு நகர்த்தவேண்டும்.

ஒருவர் தெருமுனை இஸ்திரி வண்டியில் கரிப்பெட்டியால் ஒட்டிக்கொண்டு வந்து காட்டினார். எடையில் குறை சொல்ல முடியாது. சூடுதான் பெட்டிக்கே தெரியாது. பாதி ஒட்டியிருந்தது, பாதி தீய்ந்திருந்தது. காசு வாங்கிச் செய்கிற வேலைக்கு அயர்ன் பாக்ஸ் வேண்டாம்.

எத்தனை டிகிரி, எத்தனை செகண்ட்? ஒரே வரியில சொல்லுங்க.

ஒரே வரியில் சொன்னால் ஒரு துணி தீயும். தொடங்குவதற்கு ஒரு கணக்கு வேண்டுமென்றால்: காட்டனில் சாதாரண வினைலுக்கும் டிடிஎஃபுக்கும் 150 முதல் 160 டிகிரி, 10 முதல் 15 செகண்ட், நடுத்தர அழுத்தம் அல்லது அதற்குக் கொஞ்சம் மேல். பாலியஸ்டரில் டிடிஎஃப் என்றால் 130, 140-க்கு இறக்குங்கள், காரணம் கீழே சிவப்பு ஜெர்சி கேள்வியில் வருகிறது. சப்ளிமேஷனுக்கு 195 முதல் 205 டிகிரி, 45 முதல் 60 செகண்ட், லேசான அழுத்தம்.

ஃபிலிம் விற்றவர் வேறு கணக்கு கொடுத்தால் அவர் சொன்னதே செல்லும். பவுடருக்குப் பவுடர் உருகும் சூடு மாறும், வினைல் ஒவ்வொரு ரகத்துக்கும் பின்னால் இருக்கிற பசை வேறு. புது ரோல் வந்த அன்றைக்கே கழிவுத்துணியில் ஒன்று ஒட்டி, டிகிரியும் செகண்டும் மார்க்கர் பேனாவால் அந்தத் துணியிலேயே எழுதி ஆணியில் தொங்கவிடுவேன். என் கடைச் சுவரில் இப்படி ஒரு கொத்துத் துணி தொங்குகிறது. பார்க்கிறவர்கள் கந்தல் என்று நினைக்கிறார்கள்.

மெஷின்ல 160 காட்டுது, ஆனா ஒட்டலையே?

160 என்பது மேல் தட்டுக்குள் சென்சார் இருக்கிற அந்த ஒரு புள்ளியின் சூடு. துணிக்குப் போய்ச் சேர்ந்த சூடு அல்ல. மலிவு மெஷின்களில் சூடேற்றும் கம்பிச்சுருள் ஓடாத மூலைகள் நடுப்பகுதியைவிட நன்றாகவே குறைந்திருக்கும். காலையில் போட்டதும் எண் சீக்கிரம் ஏறிவிடும், ஆனால் தட்டு முழுக்க சமமாகச் சூடேறவும் கீழே இருக்கிற ரப்பர் மெத்தை வெதுவெதுப்பாகவும் இன்னும் 10, 15 நிமிஷம் வேண்டும். முதல் பீஸ் மட்டும் உரிகிறது என்று வருகிறவர்கள் கதை அநேகமாக இதுதான். இரண்டு மூன்று தடவை வெறுமனே மூடித் திறந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

சூட்டை அளக்கும் துப்பாக்கி மாதிரியான கருவி கைவசம் இருந்தால் ஒன்பது இடத்தில் அளந்து ஒரு தாளில் படம் போட்டுக்கொள்ளுங்கள். பளபளக்கிற உலோகத்தில் அது குறைத்துக் காட்டும், அதனால் தட்டின்மேல் பூச்சு இருக்கிற இடத்தில் அளக்கவேண்டும். எந்த மூலை சோம்பேறி என்று தெரிந்துவிட்டால் டிசைனை அங்கே வைக்காமல் இருக்கலாம். இன்னொன்று, சாயங்காலம் வோல்டேஜ் இறங்குகிற தெருவாக இருந்தால் பீஸுக்கும் பீஸுக்கும் நடுவே தட்டு பழைய சூட்டுக்கு வர நேரம் பிடிக்கும். எண் ஏறி நின்ற பிறகே அடுத்ததை மூடுங்கள்.

பிரஷர் எவ்வளவு வைக்கணும்? கை வலிக்கிற அளவுக்கா?

கை வலித்தால் கூடுதல், ஒரு விரலில் மூடினால் குறைவு, இப்படித்தான் எல்லோரும் சொல்வார்கள், அது யார் கை என்பதைப் பொறுத்தது. மெஷின் அணைந்து ஆறியிருக்கும்போது பேப்பரால் சோதியுங்கள். நான்கு மூலையிலும் ஒவ்வொரு பேப்பர்த் துண்டை பாதி வெளியே தெரியும்படி வைத்து மூடி இழுங்கள். நான்கும் ஒரே மாதிரி இறுக்கமாக இருக்கவேண்டும். ஒன்று மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த மூலையில் அழுத்தமே இல்லை. வாய் பிளக்கிற மாதிரி திறக்கும் மெஷின்களில் கீல் இருக்கிற பின்பக்கம் இறுகி முன்பக்கம் தளர்வது சகஜம், தடித்த துணி வைத்தால் இன்னும் மோசம்.

180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) டி-ஷர்ட்டுக்கு வைத்த திருகிலேயே ஹூடியை வைத்தால் பிடி இறங்காது, வலுக்கட்டாயமாக இறக்கினால் கைப்பிடி வளையும். துணி மாறும்போதெல்லாம் திருகையும் மாற்றவேண்டும். அப்புறம் காலர், பட்டன், ஜிப், பக்கத்தையல், இதில் எது தட்டுக்கு நடுவே மாட்டினாலும் அழுத்தத்தை அதுவே தாங்கிக்கொள்ளும், சுற்றிலும் இருக்கிற துணிக்கு ஒன்றும் போகாது. அதையெல்லாம் தட்டுக்கு வெளியே தொங்கவிடுங்கள். முடியாதென்றால் சட்டைக்குள் சூட்டில் ஒட்டாத டெஃப்லான் உறை போட்ட பஞ்சுத்திண்டு ஒன்றை நுழைத்தால் டிசைன் இருக்கிற இடம் மேலெழும்பி வரும்.

ஒட்டுறதுக்கு முன்னாடி வெறும் துணியை ஒரு தடவை பிரஸ் பண்ணச் சொல்றாங்களே, எதுக்கு?

ஈரத்துக்காக. கையால் தொட்டால் காய்ந்துதான் இருக்கும், ஆனால் சும்மா அலமாரியில் கிடக்கிற காட்டன் துணியின் எடையில் ஏழெட்டு சதவீதம் தண்ணீர். அதன்மேல் ஃபிலிமை வைத்து மூடினால் அந்தத் தண்ணீர் ஆவியாகி, போக வழியில்லாமல் பசைக்கும் துணிக்கும் நடுவே நிற்கும். குமிழியாகத் தெரியும், அல்லது தெரியாமலேயே இருந்து இரண்டாவது துவைப்பில் வேலையைக் காட்டும். 4, 5 செகண்ட் மூடித் திறந்தால் மெல்லிய ஆவி எழும்புவதை வெளிச்சத்துக்கு எதிரே பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நான் இரண்டு தடவை செய்வேன், நடுவில் ஒரு நிமிஷம் விட்டு.

மடிப்புத் தடமும் இதில் போய்விடும். கட்டிங் டேபிளில் இருந்து வந்த பஞ்சுத்தூசி, ஓவர்லாக் நூல் இதையெல்லாம் முதலில் ஒட்டுநாடாவால் எடுத்துவிடுங்கள், வெள்ளை டிசைனுக்கு அடியில் ஒரு கறுப்பு நூல் மாட்டினால் அது அங்கேயே ஆயுசுக்கும் இருக்கும். காக்கி, மெரூன் மாதிரி சில நிறங்கள் சூடுபட்டதும் வேறு நிறமாகத் தெரிந்து பயமுறுத்தும், ஆறி ஈரம் திரும்பியதும் பழையபடி வந்துவிடும். பத்து நிமிஷத்திலும் வரவில்லையென்றால்தான் கவலை.

எந்தப் பக்கம் மேல வரணும்? ரெண்டு தடவை பேர் திருப்பி விழுந்துடுச்சு.

வினைலைத் திருப்பி வெட்டவேண்டும், அதாவது கண்ணாடியில் தெரிகிற மாதிரி. வழவழப்பான பிளாஸ்டிக் பக்கம் மேலே, பசைப்பக்கம் துணிமேல். சப்ளிமேஷன் பேப்பரும் திருப்பித்தான். டிடிஎஃப் ஷீட் கடையிலேயே திருப்பி அடித்துத்தான் வரும், வெள்ளைப் பவுடர் பக்கம் துணியைப் பார்க்கவேண்டும். வீட்டு பிரிண்டரில் அடிக்கிற டிரான்ஸ்ஃபர் பேப்பரில்தான் குழப்பம்: வெளிர் துணிக்கான பேப்பரைத் திருப்பி அடிக்கவேண்டும், கருந்துணிக்கான பேப்பரை நேராகவே அடிக்கவேண்டும், ஏனென்றால் அதை முதலில் உரித்துவிட்டுப் படம் மேலே தெரியும்படி வைக்கிறோம். நடிகர் படத்தைத் திருப்பினால் யாருக்கும் தெரியாது. 7 என்ற நம்பரைத் திருப்பினால் ஊரே சிரிக்கும்.

சூட்டோட உரிக்கணுமா, ஆறினப்புறமா?

ஃபிலிமைப் பொறுத்தது, வாங்கும்போதே கேளுங்கள். பசை உருகி இழைகளுக்குள் இறங்கி, ஆறி, கெட்டியாகப் பிடிக்கவேண்டும். ஆறவேண்டிய ரகத்தைச் சூட்டோடு இழுத்தால் பாதி டிசைன் ஃபிலிமோடு வந்துவிடும். ஆறுவது என்றால் கன்னத்தில் வைத்தால் சுடாத அளவுக்கு. அவசரத்துக்கு ஈரத்துணி வைக்காதீர்கள், குளிர்ந்த இரும்புத்தகடு ஒன்றை மேலே வைத்தால் சீக்கிரம் ஆறும். உரிக்கும்போது மேல்நோக்கி வெடுக்கென்று தூக்காமல், துணியோடு படுத்த மாதிரி, தாழ்வாக, ஒரே வேகத்தில் இழுக்கவேண்டும். ஓரத்தில் ஓர் எழுத்து எழும்புகிறது என்று பட்டால் அங்கேயே நிறுத்தி, ஃபிலிமை அப்படியே திரும்பப் படிய வைத்து இன்னும் 5 செகண்ட் மூடுங்கள். நிறுத்தத் தெரியாதவர்கள்தான் பீஸை இழக்கிறார்கள்.

உரிச்சப்புறம் மறுபடியும் பிரஸ் வேணுமா? நேரம் ஆகுதே.

வேண்டும். மேலே பட்டர் பேப்பர் வைத்து 5 முதல் 10 செகண்ட். ஃபிலிம் போன பிறகு டிசைன் துணியின் நெசவுக்குள் படிந்து உட்காருவது இதில்தான், கையில் தடவினால் வித்தியாசம் தெரியும். பட்டர் பேப்பர் வைத்தால் பளபளப்பு குறையும், டெஃப்லான் வைத்தால் கொஞ்சம் மினுக்கும். "நேரம் ஆகுது" என்று இதை விட்டவர்கள்தான் பிறகு அதிகம் போன் செய்கிறார்கள்.

டிசைன் கோணலாப் போகுது. எந்த இடத்துல வெக்கறது?

பெரியவர்கள் டி-ஷர்ட்டில் காலர் தையலிலிருந்து நான்கு விரல், அதாவது 3 அங்குலம் கீழே. எல்லோரும் செய்கிற தப்பு இன்னும் கீழே வைப்பது. மேசைமேல் பார்த்தால் நடுவில் அழகாகத் தெரியும், போட்டால் தொப்பைமேல் உட்காரும். குழந்தைகளுக்கு இரண்டு விரல் போதும்.

நேராக வர, சட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்து, தோள் தையலும் தோள் தையலும் சேரும்படி வைத்து, மேலே சொன்ன வெறும் பிரஸ்ஸை அந்த மடிப்பிலேயே லேசாகக் கொடுங்கள். நடுவில் ஒரு கோடு விழும், டிசைனையும் மடித்து நடுக்கோடு எடுத்துப் பொருத்துங்கள். பாலியஸ்டரில் மட்டும் இந்தக் கோடு வேண்டாம், போகாது, அளந்து வையுங்கள். பக்கத்தையலை நம்பாதீர்கள். மலிவு சிங்கிள் ஜெர்சி பனியன் துணி ஒரு தடவை துவைத்ததும் முறுக்கிக்கொள்ளும், பக்கத்தில் இருக்கவேண்டிய தையல் வயிற்றுப்பக்கம் வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காலரும் தோளும் அவ்வளவாக ஏமாற்றாது.

ரெண்டே துவைப்புல உரிஞ்சுபோச்சு. ஃபிலிம் சரியில்லையா?

இருக்கலாம், ஆனால் நான் ஃபிலிமைக் கடைசியில்தான் சந்தேகப்படுவேன். உரிந்த பீஸைக் கையில் வாங்கிப் பார்த்தால் அதுவே சொல்லும். ஒரே ஓரம் மட்டும் எழும்பியிருந்தால் அது மூலைச் சூடு அல்லது அழுத்தம், பேப்பர் சோதனைக்குத் திரும்பிப் போங்கள். தையல் ஓடுகிற பக்கத்தில் மட்டும் எழும்பியிருந்தால் தையல் தட்டைத் தூக்கியிருக்கிறது. நடுநடுவே வட்டமாக விட்டிருந்தால் ஈரம். டிசைன் வறண்ட ஏரி மாதிரி வெடித்திருந்தால் பவுடரோ மையோ சரியாக வேகாமல் வந்த ஃபிலிம், இங்கே ஃபிலிம்காரரைக் கேட்கலாம்.

முழு டிசைனும் ஷீட்டாக, பசையோடு, பின்பக்கம் வழவழவென்று கழன்று வந்தால் துணியைப் பாருங்கள். கடையில் தொட்டதும் "என்ன சாஃப்ட்டு" என்று வாங்க வைக்கிற துணி பெரும்பாலும் சிலிக்கான் சாஃப்ட்னர் கொடுத்தது. கைக்குச் சுகம், பசைக்கு எதிரி. அப்படிப்பட்ட துணியைச் சாஃப்ட்னர் இல்லாத வெறும் சோப்புத்தூளில் ஒரு தடவை அலசிக் காயவைத்து ஒட்டினால் பெரும்பாலும் பிடிக்கும். தண்ணீர் ஒட்டாத பூச்சுள்ள துணியானால் அதுவும் உதவாது.

இன்னொரு ரகம், உரியவில்லை, ஆனால் டிசைனைச் சுற்றித் துணி சுருங்கிக் கொசுவம் விழுந்திருக்கும். துணி சுருங்கிவிட்டது, பிளாஸ்டிக் சுருங்கவில்லை, அவ்வளவுதான். காம்பாக்டிங் (ஆலையிலேயே முன்கூட்டிச் சுருக்குவது) சரியாக ஆகாத காட்டன் முதல் துவைப்பிலேயே 5 சதவீதத்துக்கு மேலும் சுருங்கும். ஆர்டர் எடுக்கும்முன் ஒரு பீஸை அளந்து, துவைத்து, காயவைத்து, மறுபடி அளந்து பாருங்கள், ஒரு நாள்தான் போகும்.

கஸ்டமரை எப்படித் துவைக்கச் சொல்லணும்?

ஒட்டி ஒரு நாள் கழித்துத்தான் முதல் துவைப்பு. உட்புறம் வெளியே திருப்பி, பச்சைத்தண்ணீரில், பிளீச்சிங்கும் சாஃப்ட்னரும் இல்லாமல். துவைக்கிற கல்லில் அடிக்கக் கூடாது, டிசைன்மேல் பிரஷ் போடக் கூடாது. சுடச்சுட அயர்ன் பாக்ஸை டிசைன்மேல் வைத்துவிட்டு, அது பெட்டியில் ஒட்டிக்கொண்டு வந்ததற்கு என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு, திருப்பிப்போட்டுத்தான் தேய்க்கவேண்டும். இதைச் சீட்டில் அச்சடித்துக் கொடுங்கள், ஆனால் வாங்கிப் போகிற பையனிடம் கொடுத்துப் பயனில்லை, துவைப்பது அவன் அம்மா. நான் சட்டையின் காலருக்குள்ளேயே குண்டூசியில் குத்தி அனுப்புகிறேன்.

சிவப்பு ஜெர்சியில வெள்ளை நம்பர் ஒட்டினேன். மறுநாள் ரோஸ் ஆயிடுச்சு, ஏன்?

எனக்கும் நடந்தது. ஒரு வாலிபால் அணிக்கு 40 சிவப்பு பாலியஸ்டர் ஜெர்சி, வெள்ளை நம்பர். ராத்திரி 11 மணிவரை ஒட்டி, சூடு ஆறாமலேயே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பையில் போட்டு வைத்தேன். ஒட்டியபோது பால் மாதிரி வெள்ளை. காலையில் பையைத் திறந்தால் மேலே இருந்த ஒன்றிரண்டு பரவாயில்லை, அடியில் போகப் போக ரோஸ், நடு அடுக்கில் இருந்ததெல்லாம் பஞ்சுமிட்டாய். மேட்ச் அன்றைக்கே. பாதி நம்பருக்கு மேலே கறுப்பு வினைல் வெட்டி ஒட்டி அனுப்பினேன், காசு வாங்கவில்லை.

காரணம் சப்ளிமேஷனின் காரணமேதான். பாலியஸ்டருக்குச் சாயம் ஏற்றுவதும் அதே குடும்பத்துச் சாயத்தால், சூடு கிடைத்தால் அது துணியை விட்டுக் கிளம்பி மேலே இருக்கிற பசைக்கும் வெள்ளை மைக்கும் ஏறிவிடும். ஒட்டிய உடனே தெரியாது, சில மணி நேரத்திலோ சில நாளிலோ தெரியும். சிவப்பு, மெரூன், கருநீலம், கறுப்பு எல்லாம் இந்த வகையில் மோசம். சூட்டைக் குறைப்பதுதான் முதல் மருந்து: குறைந்த சூட்டில் உருகும் பவுடர் உள்ள ஃபிலிமை வாங்கி, 130 டிகிரி பக்கத்தில் வைத்து, நேரத்தையும் சுருக்குங்கள். சாயத்தைத் தடுக்கும் கருஞ்சாம்பல் அடுக்கு வைத்த ஃபிலிமும் வினைலும் கிடைக்கின்றன, விலை கூடுதல், பெரிய ஆர்டருக்கு அந்த விலை ஒன்றுமே இல்லை. ஒட்டியதைத் தனித்தனியாகப் பரப்பி ஆறவிட்ட பிறகே அடுக்குங்கள். சாம்பிள் ஒட்டினால் இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டே மீதியைத் தொடுங்கள்.

பாலியஸ்டர்ல தட்டோட தடம் சதுரமா விழுதே, அது போகுமா?

லேசானது ஆவி காட்டினால் மங்கும், பளபளவென்று விழுந்தது போகாது, இழையே தட்டையாகிவிட்டது. வராமல் பார்ப்பதுதான் வழி. அழுத்தத்தைக் குறைத்து, டிசைன் அளவுக்கு மட்டும் ஒரு பஞ்சுமெத்தையை அடியில் வைத்தால் தட்டின் ஓரம் துணியில் பதியாது. சப்ளிமேஷன் பேப்பரின் ஓரம் கோடாக விழுந்தால் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்த ஓரமாக வைத்துப் பாருங்கள்.

கறுப்பு டி-ஷர்ட்ல சப்ளிமேஷன் பண்ணிக் காட்டுறாங்க வீடியோவுல. எப்படி?

சப்ளிமேஷனில் வெள்ளை மை என்பதே கிடையாது, சாயம் ஒளி ஊடுருவக்கூடியது. கறுப்புச் சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினால் எப்படி இருக்கும், அதே கதை. வீடியோவில் காட்டுகிறவர்கள் முதலில் வெள்ளை வினைலையோ மினுமினுப்பு வினைலையோ ஒட்டி அதன்மேல் சப்ளிமேஷன் செய்கிறார்கள். முடியும், ஆனால் அது கடைசியில் ஒட்டின டிசைன்தான், உரியாது என்ற பெருமை போய்விடுகிறது. அதற்கு நேராக டிடிஎஃப் போட்டுவிடலாம். காட்டனில் சப்ளிமேஷன் போட்டால் முதல் நாள் நன்றாக இருக்கும், துவைக்கத் துவைக்க வெளுக்கும், பிடித்துக்கொள்ள அங்கே பாலியஸ்டர் இல்லை.

ரெயின்கோட், குடைத்துணி, நைலான் பை, இதுல ஒட்டலாமா?

சாதாரணப் பசை நிற்காது. பூச்சு ஒரு பக்கம், நைலான் சூட்டில் சுருங்குவது இன்னொரு பக்கம். நைலானுக்கென்றே பசை வைத்து வரும் வினைல் இருக்கிறது, அது கிடைத்தால் ஓரத்தில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள். கிடைக்காவிட்டால் ஆர்டரைத் திருப்பிவிடுங்கள்.

தப்பா ஒட்டிட்டேன். எடுக்க முடியுமா?

வினைலானால் முடியும். சட்டையை உள்பக்கம் திருப்பிச் சூடு கொடுத்து, பசை இளகியிருக்கும்போது இடுக்கியால் மூலையைப் பிடித்து மெதுவாக இழுத்தால் வரும், ஒட்டுத்தடம் கொஞ்சம் மிஞ்சும், அதை மறைக்கும்படி கொஞ்சம் பெரிய டிசைனை மேலே ஒட்டுங்கள். டிடிஎஃப் துண்டுதுண்டாகத்தான் வரும், பொறுமை இருந்தால் பாருங்கள். சப்ளிமேஷன் வராது. வெள்ளைக் காட்டனில் லேசான பழுப்புத் தீய்ச்சல் விழுந்திருந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தொட்டுவைத்து வெயிலில் போட்டால் மங்கும். கலர் துணியில் இதைச் செய்யாதீர்கள், அங்கே சாயமும் போய்விடும்.

வீட்டு கரண்ட் தாங்குமா?

15 அங்குலச் சதுரத் தட்டு மெஷின் 1400 முதல் 1800 வாட்ஸ் வரை இழுக்கும். விடாமல் ஒரு மணி நேரம் இழுத்தாலும் 1.8 யூனிட், சூடேறியதும் அணைந்து அணைந்து எரிவதால் அதைவிடக் குறையும். பில்லைவிட வயரிங்தான் பிரச்சினை. 16 ஆம்பியர் பிளக்கில், நல்ல எர்த்தோடு, நேராகச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி, அதே பாக்ஸில் கம்ப்யூட்டரும் வைத்து, பாக்ஸ் உருகிப்போய் வந்தவர் ஒருவர் இருக்கிறார்.

ஹீரோ படம், கிரிக்கெட் டீம் லோகோ எல்லாம் அடிச்சு விக்கலாமா?

எல்லோரும் செய்கிறார்கள் என்பது பதில் ஆகாது. லோகோ 1999-ஆம் ஆண்டு டிரேட் மார்க்ஸ் சட்டத்தில் வரும், படமும் ஓவியமும் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தில் வரும், அனுமதியில்லாமல் விற்றால் சரக்கும் போகும், வழக்கும் வரும். ஊர்த் திருவிழா, கல்யாணம், பள்ளி ஆண்டு விழா என்று சொந்த டிசைன் வேலையே வேண்டிய மட்டும் இருக்கிறது.

கஸ்டமரே சட்டை கொண்டுவந்து ஒட்டச் சொன்னா என்ன பண்றது? தீஞ்சா யாரு பொறுப்பு?

இதில் சண்டை வராத கடை இல்லை. கொண்டுவருகிற சட்டை அநேகமாக விலை உயர்ந்ததாக இருக்கும், ஒரே ஒரு பீஸாக இருக்கும், லேபிளை வெட்டி எறிந்திருப்பார்கள். வாங்கும்போதே, அவர் எதிரிலேயே, கீழ் மடிப்பின் உள்பக்கத்தில் நகம் அளவு வினைல் துண்டை வைத்து ஒரு தடவை அழுத்திக் காட்டுவேன். நிறம் மாறுகிறதா, துணி மினுக்குகிறதா, ஒட்டுகிறதா என்று இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம், ஆறியதும் நகத்தால் சுரண்டி அவரையே பார்க்கச் சொல்வேன். ஜெர்சி என்றால் இரண்டு நாள் வைத்துவிட்டுப் போங்கள் என்பேன். அவசரம், இன்றைக்கே வேண்டும் என்றால் பில்லின் பின்னால் "துணி அவருடையது, சோதிக்க நேரம் தரவில்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்குவேன். பேனாவைக் கையில் கொடுத்ததும் பாதிப்பேர் "சரிண்ணா, நாளைக்கு மறுநாளே வந்து வாங்கிக்கறேன்" என்று சட்டையை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.